இரண்டு நிமிடக் கூலி

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஆண்களுக்குச் சுற்று மூன்று நிமிடம், பெண்களுக்கு இரண்டு. நேரம் குறைவு, அதனால் கூலியும் குறைவு என்பார்கள். மூன்று நிமிடம் கேட்ட அமாண்டா செரானோவுக்கு உலகக் குத்துச்சண்டை கவுன்சில் இடம் தரவில்லை. 2023 டிசம்பரில் அவர் அதன் பட்டத்தையே துறந்தார்.

2024 நவம்பர், டெக்சாஸ். 58 வயது மைக் டைசனுக்கு எதிரே 27 வயது ஜேக் பால். என்ன பொருத்தம் பார்த்தார்களோ! எட்டே சுற்று, அதுவும் இரண்டிரண்டு நிமிடம். அன்றைய பெரிய தொகை அவர்களுக்குத்தான். அவர்களுக்கு முன்னால், அதே ரிங்கில், கேட்டி டெய்லரும் செரானோவும் பத்துச் சுற்று மோதினார்கள். சமபலம், செரானோவின் கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் வழிந்தது. இவர்களும் நன்றாகச் சம்பாதித்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் இது துணைச்சண்டை. செரானோவின் ஏற்பாட்டாளர் யார் தெரியுமா? அதே ஜேக் பால். இனி எந்த நிமிடக் கணக்கைக் காட்டிப் பெண்ணின் கூலியைக் குறைப்பீர்கள்?