பாய்லர் முள் இறங்கினால்…

‘இங்கிலாந்தில் படிக்கும் மகளின் வாடகை வீட்டில் ஹீட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது. பிரஷர் இல்லை என்கிறாள். இது ஆபத்தா?’ என்று ஈப்போ வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குளிர்காலத்தில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுக் கவலைப்படும் பெற்றோர் பலருக்கும் இது உதவும் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நம் வீட்டு வாட்டர் ஹீட்டர் குளிக்க மட்டும்தான். அங்குள்ள கேஸ் பாய்லர் வீட்டையே சூடாக்குகிறது. பாய்லரில் சூடான தண்ணீரை ஒரு பம்ப் ஒவ்வோர் அறையின் ரேடியேட்டருக்கும் அனுப்பும். ஆறிய தண்ணீர் பாய்லருக்கே திரும்பும். குழாயில் திறந்து குளிக்கும் தண்ணீர் வேறு, இது வேறு. இது ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும் மூடிய வட்டம். ஆகவே, அழுத்தம் குறைந்தால் தண்ணீரோ காற்றோ எங்கோ வெளியேறியிருக்கிறது என்று பொருள்.

பாய்லர் ஆறியிருக்கும்போது அழுத்தமானியின் முள் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். சூடானதும் 2 வரை ஏறினால் பயமில்லை. 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும். மிகவும் குறைந்தால் பாய்லர் தானாகவே நின்றுவிடும்.

தண்ணீர் நிரப்புவது பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. பாய்லரை நிறுத்தி ஆறவிட வேண்டும். பெரும்பாலும் பாய்லருக்கு அடியில், வெள்ளிநிறப் பின்னல் போட்ட சிறிய குழாய் ஒன்று இருக்கும். அதன் வால்வுகளை மெல்லத் திறந்து, முள் 1.5-ஐ நெருங்கியதும் இறுக மூட வேண்டும். மூட மறந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை நிரப்ப நேர்ந்தால் பரவாயில்லை. வாரந்தோறும் நிரப்பினால் அது பராமரிப்பு அல்ல, கசிவை மறைப்பது. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போய் ரேடியேட்டரைத் துருப்பிடிக்க வைக்கும். ரேடியேட்டர் வால்வு, கம்பள ஓரம், கூரையில் ஈரக்கறை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடானால் 3-ஐத் தொட்டு, ஆறினால் பூஜ்யத்துக்கு விழுகிறதா? விரிவுத் தொட்டியில் காற்று போயிருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டியது.

பாய்லர் ஓடியும் அறை குளிர்ந்தால் ரேடியேட்டரை மெல்லத் தொட்டுப் பார்க்கலாம்.

மேல்பகுதி குளிர்ந்து கீழே சூடாக இருந்தால், உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, மேல்முனைத் திருகைச் சிறு சாவியால் இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்ப வேண்டும். ‘உஸ்’ என்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடலாம். அடியில் ஒரு பழந்துணி அவசியம். பிறகு முள்ளைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும்.

கீழே நடுப்பகுதி மட்டும் குளிர்ந்தால், துருச்சேறு படிந்திருக்கிறது. குழாய்களைக் கழுவ ஆள் வேண்டும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் முழுக்கக் குளிர்ந்தால், அதன் வால்வு மூடியிருக்கலாம் அல்லது உள்ளேயுள்ள ஊசி சிக்கியிருக்கலாம்.

பாய்லரின் மூடியை மட்டும் யாரும் கழற்றக்கூடாது. பிரிட்டனில் கேஸ் வேலையை ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவர்தான் செய்யலாம். வருபவரிடம் அட்டையைக் கேட்டுப் பார்ப்பது தவறில்லை. கேஸ் சாதனங்களை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, அதன் சான்றிதழை வாடகைதாரரிடம் கொடுப்பது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. ஹீட்டிங்கைப் பழுதுபார்ப்பதும் பொதுவாக அவர் பொறுப்புதான். குறையை மின்னஞ்சலில் தெரிவித்தால் கையில் ஆதாரம் இருக்கும். பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் கட்டாயம். அந்த வாயுவுக்கு மணமில்லை. வீட்டுக்குள் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்து, வெளியே போனால் தெளிகிறதா? உடனே வெளியேறி 0800 111 999 எண்ணை அழைக்க வேண்டும்.

ஈப்போ வாசகரே, இன்றிரவு மகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்புகிறாய்? இந்த ஆண்டின் கேஸ் சான்றிதழைப் பார்த்தாயா? அலாரம் வேலை செய்கிறதா? பதிலில் தயக்கம் தெரிந்தால், அடுத்த மின்னஞ்சல் வீட்டு உரிமையாளருக்குப் போகட்டும்.