போதைப் பழக்க ஆய்வோடு சிகிச்சைக்கும் வழிசெய்ய வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
போச்சம்பள்ளி.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கிருஷ்ணகிரி.
பதிவாளர் அவர்கள், பெரியார் பல்கலைக்கழகம், சேலம்.

பொருள்: பல்கலைக்கழக உளவியல் துறையின் போதைப் பழக்க ஆய்வுக் குழுவை எங்கள் வட்டத்தில் தங்கிப் பணிசெய்ய அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் எங்கள் பகுதியில் வேலை பெருகியது. ஷிப்ட் முடித்து வருவோரிடம் குடியும் பெருகிவிட்டது. கர்நாடகத்து டெட்ரா பாக்கெட் சரக்கும், 2013 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட குட்காவும் எல்லை தாண்டி வருகின்றன. காலையில் கை நடுக்கத்தால் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல், ஒரு கட்டிங் போட்டுவிட்டு மெஷின் முன் நிற்பவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது என்று எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த தேசிய ஆய்வு கூறுகிறது. மற்ற 37 பேருக்காகவே இந்த மனு.

கிருஷ்ணகிரி மாவட்டம் பெரியார் பல்கலைக்கழக எல்லைக்குள் வருகிறது. அதன் உளவியல் துறை ஆய்வாளர்களும் முதுநிலை மாணவர்களும் குறைந்தது ஓராண்டு இங்கிருந்து பணியாற்ற வேண்டும். முன்பு ஒரு குழு தெருத்தெருவாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனது. முடிவு என்னவென்று எவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. இம்முறை ஆய்வு முடிவுகளை எளிய தமிழில் கிராம சபைகளில் படித்துக்காட்ட வேண்டும். தெலுங்கு, கன்னடம், இந்தி பேசும் தொழிலாளர்களிடம் அவரவர் மொழியில் கேட்க வேண்டும்.

ஆய்வாளர்களோடு மனநல மருத்துவரும் இருப்பது கட்டாயம். கோயில் விரதத்துக்கு மாலை போட்டதும் குடியை ஒரேயடியாக நிறுத்தும் வழக்கம் இங்கு உண்டு. பல ஆண்டு தினமும் குடித்தவர் அப்படி நிறுத்தினால் இரண்டொரு நாளில் வலிப்பு வரலாம், சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். வீட்டார் அதைச் சாமி குற்றம் என்றெண்ணிப் பூசாரியிடம் ஓடுகிறார்கள். இந்த விவரம் ஒவ்வொரு வீட்டுக்கும் மாலை போடும் கார்த்திகை மாதத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும் பரப்பலாம். ஆனால் கை நடுங்குபவருக்குத் தொலைபேசி ஆலோசனை மட்டும் போதாது. சிகிச்சைக்காகக் கிருஷ்ணகிரி போய்வந்தால் அன்றைய கூலி போகிறது. ஆகவே ஞாயிறு சந்தை நாளில் போச்சம்பள்ளி அரசு மருத்துவமனையிலேயே ஆலோசனையும் மருந்தும் கிடைக்கச் செய்யுமாறு ஆட்சியர் அவர்களை வேண்டுகிறோம்.

பெயர் வெளியானால் வேலை போய்விடும் என்ற அச்சமே பலர் வாயை அடைக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநலச் சிக்கல்களையும் மனநோயில் சேர்த்து, சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை உரிமையாக்கியுள்ளது. ஆய்வில் சொன்னவையும் அவ்வாறே காக்கப்பட வேண்டும். அவை ஆலை நிர்வாகத்துக்கோ காவல்துறைக்கோ போகாது என்று பல்கலைக்கழகம் எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்க வேண்டும். அந்த உறுதி கிடைத்தால் வீடுவீடாக அழைத்துச் செல்ல எங்கள் பெண்கள் தயாராக உள்ளனர்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்