கைத்திறனும் கடவுளின் கொடையே



கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள வடக்கனந்தலில், புதிதாகக் கட்டப்பெற்ற ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தேன். வாயில் நிலையின்மேல் ஒரு மலர்ச்சரம் தொங்கிற்று. தையற்காரர் கழித்த துணித்துண்டுகளால் செய்த மலர்கள். மஞ்சளை அடுத்து ஊதா, ஊதாவை அடுத்து இளம்பச்சை. மழைக்குப் பின் மலைச்சரிவை உற்று நோக்கிய கண்ணுக்கே அந்த வரிசை வாய்க்கும்.

"யார் செய்தது?" என வினவினேன். எட்டாம் வகுப்புப் பயிலும் மகள் கதவின்பின் ஒதுங்கினாள். தாயோ, "இந்த வெட்டி வேலையிலேயே பொழுதைப் போக்குறா சாமி. நீங்களாவது நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். நானும் சொன்னேன்: "முதலில் படிப்பு, மற்றதெல்லாம் பிறகு." சொல்லிவிட்டுக் காப்பி அருந்தி வந்துவிட்டேன்.

மாதங்கள் சென்றன. கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு விண்மீன்கள் செய்து தரும்படி அச்சிறுமியைக் கேட்டேன். "அதெல்லாம் விட்டுட்டேன் சாமி" என்றாள். அவள் முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

அதே வாரத்தில், புனித சூசையப்பர் மரச்சுரூபத்தின் முறிந்த கையைச் செப்பனிடக் கள்ளக்குறிச்சிக்குச் சென்றேன். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் மரச்சிற்பத் தொழில் பல குடும்பங்களில் வழிவழியாக நடைபெறுகிறது. 2021-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிற்பி ஒருவர் முறிந்த இடத்தை விரலால் தடவினார். "நார் குறுக்க ஓடுது சாமி. கை நீளுற பக்கமே நாரும் ஓடணும். அப்பத்தான் தாங்கும்" என்றார்.

மரம் நார் ஓடும் திசையில் மிகுந்த வலிமை உடையது. குறுக்குவாட்டில் எளிதில் முறியும். ஈரம் உலரும்போது நெடுக்கில் பெரும்பாலும் சுருங்காத மரம், குறுக்கில் சுருங்கிப் பிளவும் கொள்ளும். பொறியியல் மாணவர் நூலில் பயிலும் இவ்வுண்மையை, அவர் தம் தந்தையின் அருகில் அமர்ந்து, உளி பிடித்துக் கற்றிருந்தார். "உங்கள் பிள்ளைகள்?" என்றேன். "நான்தான் வேணாம்னுட்டேன் சாமி" என்றார். அந்தச் சொல் என்னைத் தைத்தது.

கைவினை வேறு, கல்வி வேறு என யார் பிரித்தார்? திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளியாராய்ச்சிக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றார் என்பதை அறிவோம். அவர் மிருதங்கத்தின் ஒலியையும் ஆராய்ந்தார் என்பதைப் பலர் அறியார். வெறுந்தோல் எழுப்பும் மேலோசைகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. கல்பொடியும் சோறும் குழைத்த கரும்பசையைத் தோலின் நடுவில் பல அடுக்காக ஏற்றும்போது அவ்வோசைகள் இசைந்து வருகின்றன. 1920-இல் இராமன் இதனை அறிவியல் உலகுக்கு எடுத்துரைத்தார். அவருக்கு நெடுங்காலம் முன்பே அதைச் செவியாலும் விரலாலும் கண்டறிந்தவர்கள் மிருதங்கம் செய்வோர். தஞ்சை முதலிய இடங்களில் இத்தொழில் புரிந்தோருள் பலர் தலித் கிறிஸ்தவர்கள். வாசித்தவர் மேடையில் மாலை பெற்றார். செய்தவரின் பெயரை எத்தனை பேர் கேட்டனர்?

ஆண்டவரோ பெயர் சொல்லியே அழைக்கிறார். விடுதலைப் பயண நூலின் 31-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கடவுள் தம் ஆவியால் ஒருவரை நிரப்பியதாக விவிலியம் முதன்முதலில் கூறுவது அரசரையோ குருவையோ அன்று. பெட்சலேல் என்னும் கைவினைஞரை! பொன்னிலும் வெள்ளியிலும் வேலை செய்யவும், மணி பதிக்கவும், மரம் செதுக்கவும் அந்த ஆவி அவருக்கு அருளப்பட்டது. நீலமும் கருஞ்சிவப்பும் சிவப்புமாக நூல் நூற்ற பெண்களையும் 35-ஆம் அதிகாரம் சிறப்பிக்கிறது. அங்கே இன்னுமொரு கொடையும் சொல்லப்படுகிறது: பிறருக்குக் கற்பிக்கும் ஆற்றல். கற்பிக்கப்படாத கைத்திறன் ஒரு தலைமுறையோடு மாண்டுபோகும் அன்றோ?

அகத்தூண்டுதல் வானிலிருந்து திடீரென விழுவதென நாம் எண்ணுகிறோம். அது பெரும்பாலும் கையில் எடுத்த பொருளிலிருந்தே பிறக்கிறது. உளி மரத்தைத் தொட்ட பின்னரே நாரின் போக்குத் தெரிகிறது. இரு நிறங்களை அருகருகே வைத்த பின்னரே மூன்றாவது நிறம் எதுவெனத் தோன்றுகிறது.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளவில்லை. கைவேலை பலருக்கு வயிறு நிறையக் கூலி தரவில்லை என்பது உண்மை. ஆகவே போற்றினால் மட்டும் போதாது. பேரம் பேசாது உரிய விலை கொடுத்து வாங்குவதும் நம் கடமை. நீதியில்லாத பாராட்டு வெறும் ஓசையே.

புத்தாண்டுக்குப் பின் மீண்டும் அவ்வில்லம் சென்றேன். "நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அம்மா. மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நீ பூக்கட்டக் கற்றுத்தர வேண்டும்" என்று அச்சிறுமியிடம் கேட்டேன். அவள் விடை சொல்லாமல் தாயைப் பார்த்தாள். தாய் பரண்மேலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். அதனுள் துணித்துண்டுகள் நிறம் நிறமாக, அடுக்கு குலையாமல் இருந்தன.

உங்கள் வீட்டுப் பரண்மேலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்கலாம். இவ்வாரமே அதனை இறக்கி வையுங்கள். நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் உழைத்த நம் ஆண்டவர் உங்கள் பிள்ளைகளின் கைகளை ஆசீர்வதிப்பாராக!