முள் நடுவில் நிற்கும்போது

கோடை விடுமுறையில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினால், 40 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது ஒரு கார் பானட்டைத் திறந்துவைத்தபடி நிற்பதைப் பார்க்கலாம். “முள் நடுவுலதாங்க இருந்துச்சு, திடீர்னு ஏறிடுச்சு” என்பார் ஓட்டியவர். அவர் கவனிக்காமல் இல்லை. என்ஜின் சூட்டைக் காட்டும் முள்தான் அவருக்கு நேரத்தோடு சொல்லவில்லை.

பல கார்களில் கூலன்ட் சூடு சுமார் 80 டிகிரியிலிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் அசையாது. கொஞ்சம் ஏறி இறங்கினாலே ஓட்டுபவர் பதறுவார் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். சின்ன கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. சிவப்பு எரியும் நேரத்தில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்தும் இருக்கலாம்.

காருக்கு எல்லாம் தெரியும். அதன் கணினி நொடிக்கு நொடி சூட்டை அளந்துகொண்டிருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகினால் அந்த எண் செல்பேசியில் தெரியும். மலையேற்றத்தில் 100, 102 என்று காட்டினால் பயம் வேண்டாம். ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் கூலன்ட் 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ஆனால் 98, 104, 110 என்று இறங்காமலே ஏறினால் அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டிவிட வேண்டும். ஏறிக்கொண்டிருந்த எண் சட்டென்று விழுந்தாலும் நிறுத்துங்கள்: கூலன்ட் முழுக்க ஒழுகிப்போய், சென்சார் வெறும் காற்றை அளந்துகொண்டிருக்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில், மெதுவாகப் போகும்போது என்ஜினின் விசை எண்ணெய் வழியாகத்தான் கியருக்குப் போகிறது. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது அந்த விசையில் ஒரு பங்கு எண்ணெயிலேயே வெப்பமாகத் தங்கிவிடும். என்ஜின் 95 டிகிரியில் சாதாரணமாக ஓடும்; கியர் ஆயில் 120ஐத் தாண்டிக் கெடத் தொடங்கியிருக்கலாம். சூடானபின் அது சீக்கிரம் ஆறவும் செய்யாது. இதைக் காட்டும் முள் சாதாரணக் கார்களில் இல்லை. ஓபிடியிலும் இதற்கான குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் எல்லா ஆப்பிலும் கிடைக்காது. ஏஎம்டி கார்களில் அடிவாங்குவது கிளட்ச். ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் தீய்ந்த வாடைதான் முதல் எச்சரிக்கை.

என்ஜின் சூடு ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள். வியர்த்தாலும் என்ஜினின் சூடு கொஞ்சம் வெளியேறும். கூலன்ட் ஒழுகாவிட்டால் சில நிமிடம் ஐடிலில் விடலாம். ஒழுகினால் உடனே அணைத்துவிடுங்கள். கைவைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியை யாரும் தொடவே கூடாது.

புதுக் கார்களில் இப்போது பெரிய தொடுதிரை வருகிறது. என்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று என இரண்டு எண்களை அதில் காட்டத் தனிச் செலவு பெரிதாக ஆகாது. கார் பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமில் இதைக் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் கம்பெனிக்காரர்கள் கொடுப்பார்கள்.