பூட்டியவரே திறக்க வேண்டும்

1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்ற நச்சுநிரல் பல நாடுகளில் கணினிகளின் பயாஸ் சில்லை அழித்தது. அதைக் குற்றம் என்றோம். இன்று தயாரிப்பாளரே அனுப்பும் பழுதுற்ற ஃபர்ம்வேர் அதே வேலையைச் செய்தால், 'உத்தரவாதம் முடிந்துவிட்டது' என்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம்.

மடிக்கணினியில் மின்னேற்றத்தை ஆள்வது தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு கட்டுப்படுத்திச் சில்லு. அதன் நிரல் கெட்டால், பேட்டரி நலமாக இருந்தும் மின்னேறாது. கணினி விழிக்காமலும் போகலாம். முதலுதவி எளிது. சார்ஜரையும் பேட்டரியையும் விலக்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்தினால் எஞ்சிய மின்னூட்டம் வடியும். கட்டுப்படுத்தி பல வேளைகளில் புதிதாய்த் தொடங்கும். ஆனால் பேட்டரியையே உள்ளே வைத்துத் திருகிவிட்டார்களே!

பழைய பதிப்புக்குத் திரும்பலாமென்றால், பல மாதிரிகளில் அதற்கும் பூட்டு. பாதுகாப்புக்காகவாம். ஓட்டையுள்ள பதிப்பைத் தடுப்பது காப்புத்தான், ஒப்புகிறோம். ஓடாத கணினியில் எதைக் காக்கிறார்கள்?

மேசைக்கணினித் தாய்ப்பலகைகள் சிலவற்றில் மாற்றுப் படியாக இரண்டாவது பயாஸ் சில்லு நெடுங்காலமாகவே உண்டு. ஆகவே, இது இயலாமையன்று, மனமின்மை. தாம் அனுப்பிய பழுதைத் தம் செலவில் நீக்குவது சலுகையும் அன்று, கடன். அதைக் கேட்டுப் பெறுவோம்.