வாளி எங்கே போச்சு?

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும், பல வீட்டு வாசல்களில் வாளித் தண்ணீரும், சோப்பும், மஞ்சளும், வேப்பிலையும் வந்து உட்கார்ந்தன. காய்கறியைக்கூட சோப்பு போட்டுக் கழுவியவர்கள் உண்டு. 2023 மே 5ல் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை விலக்கியது. அதற்கு வெகுநாள் முன்பே வாளி உள்ளே போய்விட்டது!

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே... 'டிவி'யில் தினமும் எண்ணிக்கை சொன்ன வரைக்கும்தான் கை கழுவும் வேகம். ஆபத்து தெருவிலிருந்துதான் வரும்னு நினைப்பு வேற. வெளியே போய் வந்தால் கழுவிய கையை, சோறு பிசையும் முன் கழுவணும்னு பலருக்கும் தோணவில்லை.

கொரோனா அதிகம் பரவியது காற்று வழியே. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, சில வகை மஞ்சள் காமாலையெல்லாம் அசுத்தமான கை வழியாகவும் வரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பறிக்கும் நோய்களில் வயிற்றுப்போக்கு இன்றும் முன்வரிசையில் இருக்கிறது. இதற்கு தினசரி எண்ணிக்கை சொல்வாரில்லை. அதனால், பயமும் இல்லை.

கழிப்பறைக்குப் போய் வந்ததும், சமைக்கும் முன், ஊட்டும் முன், சாப்பிடும் முன் சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவினால் போதும். வீட்டு ஆண்களுக்கும் இதே சட்டம்தான். பயம் வந்து போகும்; பழக்கம் நிற்கட்டுமே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.