வலி தவம் இல்லை, அந்தக் கடிதத்தை ஒளிச்சு வைக்காதீங்க

இதைப் படிச்சிட்டு சில பேருக்கு என் மேல கோபம் வரும். பரவாயில்லை.

போன வருஷம் என் அண்ணனுக்குப் புற்றுநோய் முற்றிப் போச்சு. இனி வீட்டிலேயே வலி தெரியாம பார்த்துக்கணும்னு சொல்லி, ஹோஸ்பிஸுக்கு டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். அண்ணி அதை சாமி ரூம்ல காலண்டருக்குப் பின்னால சொருகி வெச்சாங்க. "அங்க சொன்னா கதை முடிஞ்சிடும்"னு பயம். "வெளியில சொல்ல வேணாம், அர்ச்சனை பண்ணுவோம்"னு சொன்னதே நான்தான்.

மூணு வாரம். ராத்திரி ரெண்டு மணிக்கு அண்ணன் கதறுவார், எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு ஓடுவோம், விடியிற வரைக்கும் சக்கர நாற்காலியில உட்கார வெப்போம். மூணு தடவை இப்படி. ஃபேக்டரியில மெஷின் சத்தம் மாறினாலே மெயின்டனன்ஸைக் கூப்பிடுறவன் நான். சொந்த அண்ணனுக்குக் கூப்பிடல.

கடைசியில கூப்பிட்டேன். தாதி வந்து பார்த்து, டாக்டர்கிட்ட பேசி மருந்து ஏற்பாடு பண்ணாங்க. அன்னைக்கு ராத்திரி அண்ணன் தூங்கினார். காலையில கோப்பி கேட்டார். அப்புறம் பதினோரு நாள் பேரப்பிள்ளைங்களோட பேசிட்டுத்தான் போனார். அந்த மூணு வாரத்தை அவர்கிட்டேயிருந்து பறிச்சது நோய் இல்லை, நாங்க.

"கர்மா, அனுபவிச்சுத்தான் தீரணும்"னு கோயில்லயே சொல்றாங்க. சூலை நோய் தாங்காம அப்பர் பெருமான் வந்தப்ப, அக்கா திலகவதியார் "அனுபவி"ன்னா சொன்னாங்க? திருநீறு கொடுத்து, திருவதிகை சந்நிதிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வலியைத் தீர்க்கிறது சாமிக்கு விரோதம் இல்லைங்க.

"மோர்ஃபின் கொடுத்தா சீக்கிரம் செத்துடுவாங்க"ன்னு இன்னொரு பேச்சு. டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன நேரத்துல கொடுத்தா அது உயிரை எடுக்காது. மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து உண்டு. நாமளா கூட்டிக் குறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஹோஸ்பிஸ் மலேசியா 1991ல இருந்து கிள்ளான் பள்ளத்தாக்குல வீட்டுக்கே வந்து பார்க்குது. காசு வாங்குறதில்லை. டாக்டர் கடிதம் வேணும். உங்க ஏரியாவுக்கு வருவாங்களான்னு முதல்ல போன் பண்ணிக் கேளுங்க. உலகத்துல இந்த மாதிரி கவனிப்பு தேவைப்படுறவங்கள்ல சுமார் 14 விழுக்காட்டினருக்குத்தான் அது கிடைக்குதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பக்கத்துலயே இருக்கிறதை நாம காலண்டருக்குப் பின்னால வெச்சிருக்கோம்!

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. கோழிக்கோட்டுல 1993ல ஆரம்பிச்ச வேலை, அக்கம்பக்கத்து ஜனங்க பயிற்சி எடுத்துக்கிட்டு தாதிகளோட வீடு வீடா போனதாலதான் கேரளா முழுக்கப் பரவிச்சு. 2008ல அந்த அரசாங்கமே அதைக் கொள்கையா எடுத்துக்கிச்சு. திருவிழா பந்தலுக்கு நூறு தொண்டர் வர்ற நம்ம கோயில்ல, படுத்துக் கிடக்கிறவர் வீட்டுக்குப் போக பத்து பேர் இல்லையா? அறிவிப்புப் பலகையில ஹோஸ்பிஸ் நம்பரை எழுதுங்க. இரவல் கொடுக்க ரெண்டு கட்டில், ரெண்டு சக்கர நாற்காலி வாங்கி வைங்க. அர்ச்சனைக்கு வர்ற குடும்பத்துக்கிட்ட "டாக்டர் கடிதம் கொடுத்தாரா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

பத்து பேர்ல முதல் ஆளா நான் வர்றேன். உங்க வீட்டுல அந்தக் கடிதம் இருந்தா, நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. இன்னைக்கே கூப்பிடுங்க.

முருகா துணை.